ஒரு நாட்டின் கைவிலங்கைக் கழற்றிய கியாஸ் கப்பல்!

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி. திங்கட்கிழமை.

ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடல் இருக்கிறது. அந்தக் கடலின் கரையில் கிளைப்பேடா என்று ஒரு துறைமுகம். லிதுவேனியா என்னும் சின்னஞ்சிறு நாட்டுக்குச் சொந்தமான துறைமுகம் அது.

அன்று அங்கே ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. நீளம் 294 மீட்டர். கிட்டத்தட்ட ஆயிரம் அடி! தென்கொரியாவில் உள்ள உல்சான் நகரில் கட்டப்பட்டு, கடல் கடலாகத் தாண்டி வந்த புத்தம்புதுக் கப்பல்.

அதை வரவேற்க நாட்டின் ஜனாதிபதியே துறைமுகத்துக்கு வந்துவிட்டார். அவர் ஒரு பெண்மணி. பெயர், தாலியா கிரிபவுஸ்கைட்டே.

கப்பலின் பெயர் "இண்டிபெண்டன்ஸ்". தமிழில் சொன்னால் "சுதந்திரம்".

அதில் ராஜா வரவில்லை; ராணி வரவில்லை. தங்கமும் வைரமும் வரவில்லை. அது வெறும் கியாஸ் கப்பல்! ஒரு கியாஸ் கப்பலுக்கா இவ்வளவு தடபுடல்? அதற்குப் போய் "சுதந்திரம்" என்று பெயர் வைப்பானேன்?

அது ஒரு பெரிய கதை. பணக் கணக்கும் அரசியலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் கதை.

சிலிண்டர் கியாஸ் அல்ல

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுக்குச் சிலிண்டரில் வருகிறதே, அந்தச் சமையல் கியாஸ் வேறு. இந்தக் கதையில் வரும் கியாஸ் வேறு.

சிலிண்டர் கியாசை ஓரளவு அழுத்தினாலே போதும், திரவமாகிவிடும். அதனால் இரும்பு உருளையில் அடைத்து, லாரியில் ஏற்றி, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடலாம்.

இயற்கை கியாஸ் அப்படிப்பட்டது அல்ல. பூமிக்கு அடியில் ஆழத்தில் இருந்து வருவது. அதில் பெரும்பகுதி மீத்தேன் வாயு. சாதாரண வெப்பத்தில் அதை என்னதான் அழுத்தினாலும் திரவம் ஆகாது. பிடிவாதக்கார வாயு!

ஆகவே, அதை மூட்டை கட்ட முடியாது. பீப்பாயில் ஊற்ற முடியாது. கிணற்று வாயில் இருந்து அடுப்பு வாய் வரை குழாய் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். நூறு மைலாக இருந்தாலும் குழாய்தான். இரண்டாயிரம் மைலாக இருந்தாலும் குழாய்தான்.

குளிர் நாடுகளில் இந்தக் கியாஸ் இல்லாவிட்டால் பிழைப்பது கஷ்டம். மின்சாரம் எடுக்க அது வேண்டும். உரம் செய்ய அது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள அது வேண்டும்.

லிதுவேனியாவில் குளிர்காலம் வந்தால் ஆறும் ஏரியும் உறைந்துபோகும். அங்குள்ள பட்டணங்களில் வீட்டுக்கு வீடு கணப்பு மூட்டுவது இல்லை. ஊருக்குப் பொதுவாகப் பெரிய பெரிய கொதிகலன்கள் உண்டு. அங்கே காய்ச்சிய வெந்நீர், குழாய் வழியாக வீடு வீடாக ஓடும். அந்தச் சூட்டில்தான் குழந்தை குட்டிகள் தூங்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்தக் கொதிகலன்களுக்குத் தீனி, கியாஸ்.

அந்தக் கியாஸ் எங்கிருந்து வந்தது? ரஷியாவில் இருந்து. முழுக்க முழுக்க ரஷியாவில் இருந்து!

கொடி மாறியது, குழாய் மாறவில்லை

லிதுவேனியா ஒரு காலத்தில் சோவியத் யூனியனின் ஒரு பகுதியாக இருந்தது. சுமார் 28 லட்சம் மக்கள் வாழும் நாடு. குழாய் கியாஸ் அங்கே 1961-ம் ஆண்டு வந்தது. அப்போது எல்லாம் ஒரே ராஜ்யம். "இந்தக் குழாய் யாருடையது?" என்று யாரும் கேட்கவில்லை.

1990-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி லிதுவேனியப் பார்லிமெண்ட் துணிந்து ஒரு தீர்மானம் போட்டது. "இனி நாங்கள் சுதந்திர நாடு!" என்று அறிவித்தது. பார்லிமெண்டுக்குத் தலைமை வகித்தவர் லாண்ட்ஸ்பெர்கிஸ். அவர் அரசியல்வாதியாகப் பிறந்தவர் அல்ல, சங்கீதப் பேராசிரியர்!

மாஸ்கோவில் அப்போது கோர்பசேவ் ஆட்சி. அவர் தீர்மானத்தை வாபஸ் வாங்கச் சொன்னார். லிதுவேனியா மறுத்தது.

அடுத்த மாதமே அடி விழுந்தது. ஏப்ரல் 18-ந் தேதி எண்ணெய் நின்றது. கியாஸ் வரத்து வெட்டப்பட்டது. பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆலைகள் முடங்கின. கொதிகலன்கள் ஆறிப்போயின.

இரண்டரை மாதம் இப்படிப் போயிற்று. கடைசியில், "சுதந்திர அறிவிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறோம், பேச்சுவார்த்தைக்கு வருகிறோம்" என்று லிதுவேனியா இறங்கி வந்தது. பிறகுதான் முற்றுகை விலகியது.

மறு வருஷம், 1991-ல், சோவியத் யூனியனே உடைந்தது. லிதுவேனியாவின் சுதந்திரத்தை உலகம் ஒப்புக்கொண்டது. பழைய கொடி இறங்கி, புதுக்கொடி ஏறியது. நாணயம் மாறியது.

ஆனால் பூமிக்கு அடியில் கிடந்த குழாய் மாறவில்லை. அது கிழக்கே இருந்துதான் வந்தது. அதைத் திறந்து மூடும் திருகு, அடுத்தவர் கையில்தான் இருந்தது.

அரிசிக் கடையும் கியாஸ் குழாயும்

கியாஸ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

அரிசி வாங்கப் போகிறோம். ஒரு கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்கிறார். நாம் என்ன செய்வோம்? பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவோம். கடைக்காரருக்கும் அது தெரியும். அதனால் அவர் ஓர் அளவுக்கு மேல் ஏற்ற மாட்டார்.

கியாஸ் குழாயில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. குழாயின் ஒரு முனை விற்பவர் வீட்டில். மறு முனை வாங்குபவர் வீட்டில். அடுத்த கடை என்று ஒன்று கிடையாது. புதுக் குழாய் போடப் பல வருஷம் ஆகும். பல ஆயிரம் கோடி ஆகும்.

ஆரம்பத்தில் விற்பவருக்கும் பயம் உண்டு. "இத்தனை கோடி போட்டுக் குழாய் பதிக்கிறேன். நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என் கதி?" என்று அவர் நினைப்பார். அதனால் 20 வருஷம், 25 வருஷம் என்று நீண்ட ஒப்பந்தம் எழுதுவார்கள். அதில் ஒரு கடுமையான ஷரத்து இருக்கும். பேசிய அளவு கியாசை எடுத்தாலும் பணம், எடுக்காவிட்டாலும் பணம்!

விலையையும் நேரடியாகப் பேச மாட்டார்கள். பெட்ரோலிய எண்ணெய் விலையோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எண்ணெய் விலை ஏறினால் கியாஸ் விலையும் ஏறும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே விலை அல்ல. ஜெர்மனி, ரஷியாவுக்குத் தூரத்தில் இருக்கிறது. லிதுவேனியா பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஜெர்மனி கொடுத்த விலை குறைவு. லிதுவேனியா கொடுத்த விலையோ ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த விலைகளில் ஒன்று!

காரணம்? ஜெர்மனிக்கு நார்வே கியாஸ் இருந்தது. நெதர்லாந்து கியாஸ் இருந்தது. "உன் விலை கட்டாது" என்று சொல்ல அதற்கு முடிந்தது. லிதுவேனியாவால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தூரத்து வீட்டுக்கு மலிவு. அண்டை வீட்டுக்கு ஆனைவிலை!

பங்கும் போயிற்று, விலையும் போயிற்று

ரஷியாவில் கியாஸ் ஏற்றுமதியைக் கையில் வைத்திருக்கும் பிரம்மாண்டமான கம்பெனியின் பெயர் காஸ்ப்ரோம். அந்த அரசாங்கத்தின் பிடியில் உள்ள கம்பெனி அது.

2004-ம் ஆண்டு காஸ்ப்ரோம், லிதுவேனியாவின் தேசிய கியாஸ் கம்பெனியில் 34 சதவீதப் பங்கை வாங்கியது. "பங்கைக் கொடுத்தால் நியாயமான விலைக்குக் கியாஸ் கிடைக்கும்" என்று லிதுவேனிய அரசாங்கம் நம்பியது. ஆனால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விற்பவரும் அவரே, வாங்கும் கம்பெனியின் பங்காளியும் அவரே. யாரிடம் போய் முறையிடுவது?

இதற்கிடையே இன்னொரு தலைவலி. லிதுவேனியாவில் இக்னாலினா என்ற இடத்தில் பெரிய அணு மின்சார நிலையம் ஒன்று இருந்தது. நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அதுவே கொடுத்து வந்தது. ஆனால் அது செர்னோபில் மாதிரியைச் சேர்ந்த அணு உலை. 1986-ல் செர்னோபில் வெடித்த பிறகு, அந்த மாதிரி உலை என்றாலே ஐரோப்பாவுக்கு நடுக்கம். "எங்கள் கூட்டமைப்பில் சேர வேண்டுமானால் அதை மூடு" என்று ஐரோப்பிய யூனியன் நிபந்தனை போட்டது. 2009-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி கடைசி உலையும் நின்றது.

மின்சாரத்துக்கும் இனி கியாஸ்தான் என்ற நிலை வந்தது. கழுத்துச் சுருக்கு மேலும் இறுகியது.

அதே 2009-ன் தொடக்கத்தில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. விலைத் தகராறிலும் கடன் பாக்கித் தகராறிலும் ரஷியாவும் உக்ரைனும் மோதிக்கொண்டன. உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் கியாஸ், நடுங்கும் ஜனவரி மாதத்தில், சுமார் இரண்டு வாரம் நின்றுபோயிற்று. பல்கேரியாவிலும் சுலோவாக்கியாவிலும் ஆலைகள் மூடப்பட்டன. வீடுகள் குளிரில் விறைத்தன. சண்டை போட்டவர்கள் இருவர். குளிரில் நடுங்கியவர்கள் மூன்றாவது மனிதர்கள்!

லிதுவேனியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இப்படியே இருந்தால் என்றைக்காவது நமக்கும் இதே கதிதான்" என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

வாயுவைத் தண்ணீராக்கும் வித்தை

குழாய்க்கு மாற்று உண்டா? உண்டு. மீத்தேனை அழுத்தி வழிக்குக் கொண்டுவர முடியாது; ஆனால் குளிர வைத்து வழிக்குக் கொண்டுவரலாம்.

சாதாரணக் குளிர் அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி! அந்தக் குளிரில் மீத்தேன் தண்ணீரைப் போல் ஆகிவிடும். அப்போது 600 குடம் வாயு, ஒரு குடம் திரவமாகச் சுருங்கிவிடும். பிறகென்ன? கப்பலில் ஊற்றி எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

1959-ம் ஆண்டு "மீத்தேன் பயனியர்" என்ற கப்பல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்து திரவ கியாசை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. இங்கிலாந்தில், தேம்ஸ் நதி முகத்தில் உள்ள கான்வி தீவில் பத்திரமாக இறக்கியது. சரக்கு வெடிக்கவில்லை, ஆவியாகி மறையவும் இல்லை. 1964-ல் அல்ஜீரியாவில் இருந்து இங்கிலாந்துக்கு ஒழுங்கான வியாபாரமே தொடங்கிவிட்டது.

கப்பலில் உள்ள தொட்டி, ஒரு பெரிய பிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்கில் சூடு போகாமல் இருக்கும்; இதில் குளிர் போகாமல் இருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் திரவத்தைச் சூடுபடுத்தினால் மறுபடியும் வாயு! அதைக் குழாயில் விட்டுவிடலாம்.

சென்னைக்கு அருகே எண்ணூரில் 2019-ம் ஆண்டு முதல் நடப்பதும் இதே வேலைதான். ஆனால் அங்கே தொட்டிகளைத் தரையில் கட்டியிருக்கிறார்கள்.

தரையில் தொட்டி கட்ட நாள் பிடிக்கும். லிதுவேனியாவுக்கு அவசரம். அது வேறு வழியைப் பிடித்தது. தொட்டியும், சூடுபடுத்தும் இயந்திரமும் கப்பலிலேயே இருக்கும். கப்பலைக் கொண்டுவந்து கரையோரம் நிரந்தரமாகக் கட்டிவிட வேண்டியது. மற்றக் கப்பல்கள் வந்து அதில் திரவத்தை ஊற்றிவிட்டுப் போகும். மிதக்கும் கியாஸ் நிலையம்!

2012-ம் ஆண்டு ஒரு நார்வே கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. கப்பலை அந்தக் கம்பெனி கட்டித் தரும். லிதுவேனியா 10 வருஷ வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். துறைமுகத்தில் "பன்றி முதுகு" என்று பொருள்படும் பெயருடைய ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதை ஒட்டிக் கப்பலை நிறுத்த ஏற்பாடு. அங்கிருந்து நாட்டுக் குழாய்களோடு இணைக்க 18 கிலோமீட்டருக்குப் புதுக் குழாய்.

"வீண் செலவு!" என்றார்கள்

எல்லோரும் கை தட்டவில்லை. உள்நாட்டிலேயே எதிர்ப்பு இருந்தது.

கப்பல் வாடகை கொஞ்ச நஞ்சம் அல்ல. கியாஸ் ஏற்றி வந்தாலும் வாடகை. சும்மா நின்றாலும் வாடகை. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கியாஸ் உபயோகிப்பவர்களின் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தார்கள். குழாயில் ரஷிய கியாஸ் வாங்குகிறவரும் கப்பலுக்காகப் பணம் கட்ட வேண்டும்!

யோனாவா என்ற ஊரில் அகேமா என்று ஒரு பெரிய உரத் தொழிற்சாலை. நாட்டிலேயே அதிகக் கியாஸ் எரிக்கும் ஆலை அது. "இந்தக் கட்டணம் எங்களைக் கொல்கிறது" என்று அந்த நிர்வாகம் குரல் எழுப்பியது. விவகாரம் ஐரோப்பியக் கோர்ட்டு வரை போயிற்று.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நார்வேயில் இருந்து வருஷத்துக்கு 54 கோடி கன மீட்டர் கியாஸ் வாங்குவதாக ஏற்பாடு. கப்பலோ அதைப் போல் ஏழு மடங்கு கியாஸ் கையாளக்கூடியது. "ஒரு படி அரிசி சமைக்க அண்டாவா?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா?

2014-ம் ஆண்டு மே மாதம். கப்பல் இன்னும் கிளைப்பேடாவுக்கு வரவில்லை. வர ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் காஸ்ப்ரோம் லிதுவேனியாவுக்கு விலையைக் குறைக்கச் சம்மதித்துவிட்டது. சுமார் 20 சதவீதம் குறைப்பு!

இத்தனை வருஷம் கெஞ்சியும் குறையாத விலை, அப்போது குறைந்தது எப்படி? அடுத்த கடை திறக்கப்போகிறது என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொட்டுத் திரவ கியாஸ் இறங்குவதற்கு முன்பே கப்பல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கணக்கு நோட்டில் "வீண் வாடகை" என்று தெரிந்த பணம், மறுபக்கத்தில் ரஷிய கியாசின் விலைக் குறைப்பாகத் திரும்பி வந்தது. இந்தக் கப்பலின் மதிப்பு அது இறக்கிய கியாசில் மட்டும் இல்லை. "வேண்டாம்" என்று சொல்லும் துணிச்சலை அது கொடுத்தது.

அதே ஆண்டில் காஸ்ப்ரோம், லிதுவேனிய கியாஸ் கம்பெனிகளில் தனக்கு இருந்த பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. கியாஸ் விற்பவரே குழாய்க்கும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதை லிதுவேனியா கறாராக அமல் நடத்தியது.

கோர்ட்டில் நடந்தது வேறு. "2004 முதல் எங்களிடம் அதிக விலை வாங்கிவிட்டார்கள், 190 கோடி டாலர் திருப்பித் தர வேண்டும்" என்று ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றத்தில் லிதுவேனியா வழக்குப் போட்டது. 2016-ல் வழக்குத் தள்ளுபடி! ஐரோப்பிய யூனியனும் காஸ்ப்ரோம் மீது 2012 முதல் விசாரணை நடத்தியது. 2018-ல், "இனி நியாயமாக நடந்துகொள்கிறோம்" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு முடித்தது. அபராதம் ஒரு காசு கூட இல்லை. வக்கீல்கள் வாதாடிப் பெறாததைக் கப்பல் சும்மா நின்றே பெற்றுக் கொடுத்தது!

இவ்வளவு நடந்தும் ரஷிய கியாஸ் அடியோடு நின்றுவிடவில்லை. மலிவாகக் கிடைத்தபோது அதையும் வாங்கினார்கள். ஒரு பக்கம் நார்வே கியாஸ். ஒரு பக்கம் ரஷிய கியாஸ். அமெரிக்காவும் பாறை இடுக்கில் கிடக்கும் கியாசை எடுத்து, 2016 முதல் லூசியானாவில் இருந்து கப்பல் கப்பலாக அனுப்பத் தொடங்கியது. 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் முதல் அமெரிக்கக் கியாஸ் கிளைப்பேடாவில் இறங்கியது.

2022: ஐரோப்பா திணறியது

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ரஷியா, உக்ரைன் மீது படையெடுத்தது.

ஐரோப்பா திடுக்கிட்டது. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்த கையாலேயே ரஷியாவுக்குக் கியாஸ் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தது ஐரோப்பா! ஜெர்மனி இறக்குமதி செய்த கியாசில் பாதிக்கு மேல் ரஷியாவுடையது. அவ்வளவு பெரிய நாட்டில் திரவ கியாஸ் இறக்க ஒரு நிலையம் கூடக் கிடையாது. "குழாயில் மலிவாக வரும்போது கப்பல் எதற்கு?" என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

சின்னஞ்சிறு லிதுவேனியாவோ, ஏப்ரல் 2-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தது: "ரஷிய கியாஸ் எங்களுக்கு இனி வேண்டாம். நிறுத்திவிட்டோம்." ஐரோப்பிய யூனியனில் அப்படிச் சொன்ன முதல் நாடு அதுதான்!

மற்றவர்கள் பாடு திண்டாட்டம். "பணத்தை எங்கள் ரூபிள் நாணயத்தில் கட்டு" என்று ரஷியா சொன்னது. போலந்தும் பல்கேரியாவும் மறுத்தன. ஏப்ரல் 27-ந் தேதி இரண்டுக்கும் கியாஸ் நின்றது. மே மாதம் முதல் தேதி லிதுவேனியாவையும் போலந்தையும் இணைக்கும் புதுக் குழாய் திறக்கப்பட்டது. கிளைப்பேடாவில் இறங்கிய கியாஸ் போலந்துக்கும் போயிற்று. வடக்கே லாட்வியாவுக்கும் போயிற்று. "பெரிய அண்டா" என்று கேலி செய்யப்பட்ட கப்பல், இப்போது அக்கம்பக்கத்துக்கும் சமைத்துப் போட்டது!

செப்டம்பரில், ரஷியாவையும் ஜெர்மனியையும் பால்டிக் கடலுக்கு அடியில் இணைத்த "நார்டு ஸ்ட்ரீம்" குழாய்கள் வெடித்து உடைந்தன. டிசம்பர் 17-ந் தேதி, வில்ஹெல்ம்ஸ்ஹாபென் துறைமுகத்தில் ஜெர்மனி தன் முதல் மிதக்கும் கியாஸ் நிலையத்தைத் திறந்தது. அதுவும் லிதுவேனியாவுக்குக் கப்பல் கொடுத்த அதே நார்வே கம்பெனியின் கப்பல். ராப்பகலாக வேலை செய்து சில மாதங்களில் முடித்தார்கள். லிதுவேனியா எட்டு வருஷத்துக்கு முன்பு நிதானமாகச் செய்த காரியம் அது.

கப்பலுக்கும் ஓர் எஜமான் உண்டு

கப்பல் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. குழாய்க்கு எஜமான் ஒருவர் என்றால், கப்பலுக்கு எஜமான் உலகச் சந்தை.

கடலில் போகும் கியாஸ் கப்பலுக்கு ஊர்ப்பாசம் கிடையாது. யார் அதிக விலை கொடுக்கிறாரோ அவர் பக்கம் முகத்தைத் திருப்பும். 2022-ல் ஐரோப்பா முழுவதும் ஒரே நேரத்தில் கப்பல்களைத் தேடி ஓடியது. சாதாரண நாளில் 20 யூரோ அளவில் விற்ற கியாஸ், அந்த ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. பதினைந்து மடங்கு!

அந்த விலையை லிதுவேனியாவும்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ரஷியா மிரட்ட முடியவில்லை. ஆனால் சந்தை மிரட்டியது. யோனாவா உரத் தொழிற்சாலை செப்டம்பர் முதல் தேதி உற்பத்தியை நிறுத்தியது. கியாஸ் வாங்கி உரம் செய்து விற்றால் நஷ்டம்தான் மிஞ்சும் என்ற நிலை.

பணக்கார நாடுகள் எப்படியோ சமாளித்தன. அடி பட்டவர்கள் ஏழை நாட்டுக்காரர்கள். பாகிஸ்தான் 2022 ஜூலையில் பத்துக் கப்பல் கியாசுக்கு டெண்டர் விட்டது. ஒருவர் கூட விற்க முன்வரவில்லை! வங்காள தேசம் அந்த விலைக்கு வாங்க முடியாமல், சந்தையில் கியாஸ் வாங்குவதையே நிறுத்தியது. இரண்டு நாடுகளிலும் மணிக்கணக்கில் மின்சாரம் போயிற்று. ஜெர்மனியில் ஒரு வீடு சூடாக இருக்க, டாக்காவில் ஒரு தையல் ஆலையின் விளக்கு அணைந்தது.

இந்தியாவுக்கும் அந்தச் சூடு பட்டது. அரசாங்கக் கம்பெனியான கெயில், காஸ்ப்ரோமின் சிங்கப்பூர்க் கிளையோடு நீண்ட கால ஒப்பந்தம் செய்திருந்தது. அந்தக் கிளையின் தாய்க் கம்பெனி ஜெர்மனியில் இருந்தது. போர் வந்ததும் அதை ஜெர்மனி தன் வசம் எடுத்துக்கொண்டது. 2022 மத்தியில் இந்தியாவுக்கு வரவேண்டிய கப்பல்கள் நின்றுபோயின. மறு வருஷம்தான் வரத்துத் திரும்பியது. ஒப்பந்தம் கையில் இருந்தது, கியாஸ் இல்லை!

2023-ல் ஐரோப்பிய யூனியன் இறக்கிய திரவ கியாசில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவுடையது. "ஒரு கடைக்காரரை விட்டு இன்னொரு கடைக்காரரிடம் அகப்பட்டுக்கொண்டோமோ?" என்று அங்கே இப்போது பேச்சு. அதே சமயம், குழாயில் வேண்டாம் என்ற ரஷிய கியாஸ், திரவமாகக் கப்பலில் ஏறி, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

லிதுவேனியா இன்னொரு காரியமும் சத்தம் போடாமல் செய்துவந்தது. ஊர்க் கொதிகலன்களைக் கியாசில் இருந்து மரச் சில்லுக்கு மாற்றியது. காட்டில் விறகும் கழிவு மரமும் ஏராளம். இன்று அங்கே வெந்நீர் காய்ச்சுவதில் பெரும்பகுதி மரச் சில்லுதான். கியாஸ் யாரிடம் வாங்குவது என்ற கேள்வியை விட, கியாஸ் எவ்வளவு வாங்குவது என்ற கேள்வி அவர்களுக்கு அதிகமாகக் கைகொடுத்தது. கப்பல் போலக் கண்ணைப் பறிக்காததால், பத்திரிகைகளில் இது அவ்வளவாக வரவில்லை.

வாடகைக் காலம் முடிந்ததும், 2024 கடைசியில் "சுதந்திரம்" கப்பலை லிதுவேனியா சொந்தமாகவே விலைக்கு வாங்கிவிட்டது.

ரஷியாவும் ஒரு கப்பல் வாங்கியது!

இந்தக் கதையில் ஒரு விசித்திரமான பகுதி பாக்கி இருக்கிறது.

கிளைப்பேடாவுக்குத் தெற்கே, அதே பால்டிக் கரையில், காலினின்கிராடு என்று ஒரு பிரதேசம். அது ரஷியாவுக்குச் சொந்தம். ஆனால் ரஷியாவோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல்; மற்றப் பக்கங்களில் லிதுவேனியாவும் போலந்தும்.

அங்குள்ள ரஷியர்களுக்குக் கியாஸ் எப்படிப் போகும்? லிதுவேனியா வழியாகச் செல்லும் குழாயில்! அந்தக் குழாயைப் பொறுத்தவரை, திருகு லிதுவேனியாவின் கையில்.

மாஸ்கோவுக்குக் கவலை பிறந்தது. "லிதுவேனியா ஒருநாள் வழியை அடைத்துவிட்டால்?" ஆகவே ரஷியாவும் ஒரு மிதக்கும் கியாஸ் நிலையத்துக்கு ஆர்டர் கொடுத்தது. எங்கே தெரியுமா? "சுதந்திரம்" கட்டப்பட்ட அதே உல்சானில்! அதே கம்பெனியிடம்! 2019-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, காலினின்கிராடு கரையில் ஜனாதிபதி புதின் அதைத் தொடங்கி வைத்தார். கப்பலின் பெயர் "மார்ஷல் வசிலெவ்ஸ்கி".

ஆனால் குழாய்க் கியாஸ் மலிவு. கப்பல் கியாஸ் செலவு. அதனால் அந்தக் கப்பல் பெரும்பாலும் அவசரத்துக்கென்று காத்திருந்தது. ரஷிய கியாசை வாங்குவதை 2022-ல் நிறுத்திய பிறகும், காலினின்கிராடுக்குப் போகும் கியாசை லிதுவேனியா வழிமறிக்கவில்லை. அது லிதுவேனிய வயல்களுக்கு அடியில் ஓடி எல்லையைத் தாண்டியது. குழாய் வாடகையை லிதுவேனியா கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டது.